பட்ட மரம்: பலகைக்கு ஆகுமா, அடுப்புக்கா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துத் தள்ளியபோது நான்கு மரங்கள் மிஞ்சின. பாட்டி நட்ட ஒரு பலா, சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி, முனியாண்டி கோயிலை ஒட்டி ஒரு அங்சானா, அப்புறம் எல்லைக்கல் பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் தப்பித்த ஒரு பால்மரம், அதாவது ரப்பர் மரம். இரண்டு வருடத்துக்குள் நான்கும் பட்டுப்போயின. யாரும் விஷம் வைக்கவில்லை. நிலத்தைச் சமன் செய்த இயந்திரம் ஒரு பக்கம் வேரை அறுத்துவிட்டு மறுபக்கம் மூன்றடி மண்ணைக் கொட்டியது, வேருக்கு மூச்சு முட்டினால் எந்த மரமும் தாங்காது.

பட்ட மரத்தைப் பார்த்ததும் மேசை, ஊஞ்சல், கட்டில் என்று கண் முன்னால் வரிசையாக வரும். எனக்கும் வந்தது. எங்கள் ஊரில் செயின்சாவும் அதில் மாட்டிப் பலகை அறுக்கும் சட்டமும் வைத்திருக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான்கில் இரண்டை அறுத்தோம், அதில் ஒன்று சுத்த முட்டாள்தனம். அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டங்களிலும் கம்போங் (கிராமத்து) வீடுகளிலும் அவரோடு சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். (எங்கள் தோட்டத்தில் ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்றால் பால் சீவப் போகிறேன் என்று அர்த்தம். இங்கே நான் சொல்வது நிஜமாகவே வெட்டுவது.)

ஒரு சொல்லை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: வைரம். மரத்தின் நடுவில் கறுத்து இறுகிக் கிடப்பது வைரம், அதைச் சுற்றி வெளிறிய நிறத்தில் இருப்பது வெளிமரம். உயிரோடு இருக்கும்போது தண்ணீரும் சத்தும் போவது வெளிமரத்தின் வழியாகத்தான், அதனால் மாவும் சர்க்கரையும் அங்கேதான் இருக்கும், மரம் செத்ததும் காளானும் வண்டும் முதலில் பந்தி போட்டு உட்காருவதும் அங்கேதான். வைரத்தில் அவற்றுக்குப் பிடிக்காத எண்ணெயும் கசப்பும் ஊறியிருக்கும். தினம் சாயங்காலம் மழை பெய்கிற நம்மூரில் வெளிமரம் சில மாதங்களில் போய்விடும், நல்ல சாதி மரத்தின் வைரமோ வருடக்கணக்கில் நிற்கும். ஆக நீங்கள் தேடுவது ஒன்றைத்தான்: உள்ளே வைரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அதை எடுக்க ஆகும் செலவுக்கு அது ஈடாகுமா.

பழந்தமிழில் அகக்காழ், புறக்காழ் என்று பிரித்தார்கள். பலா, வேம்பு எல்லாம் உள்ளே கெட்டி. தென்னை, பனை வெளியே கெட்டி, உள்ளே சோறு. செம்பனையும் (எண்ணெய்ப்பனை) அந்தக் கூட்டம்தான், பட்ட செம்பனையைப் பலகைக்கு என்று யோசிக்கவே வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் அகக்காழ் மரங்களுக்கு.

இலை ஒன்றுகூட இல்லை, ஆனால் கிளை முறியவில்லை

அவசரப்படாதீர்கள், செத்ததா என்று பாருங்கள். பால்மரம் வருடா வருடம் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மொத்த இலையையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும், நகரத்திலிருந்து புதிதாக நிலம் வாங்கி வருகிறவர்கள்தான் பயந்துபோகிறார்கள். அங்சானாவும் இலை கொட்டும். சுண்டுவிரல் தடிமனுள்ள ஒரு கிளையைப் பிடித்து நகத்தால் தோலைச் சுரண்டுங்கள். பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால், வேறு இரண்டு மூன்று கிளையிலும் அதே மாதிரி என்றால், சரி, போய்விட்டது.

எப்போது போனது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிடுங்கள். ‘போன தீபாவளிக்கு இலை இருந்துச்சு’ என்கிற ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும். மெல்லிய குச்சிகள் நுனிவரை இருந்தால் செத்து அதிக நாள் ஆகவில்லை. குச்சியெல்லாம் உதிர்ந்து தொடை தடிமன் கிளைகள் மட்டும் நிற்கிறது என்றால் வெளிமரத்தை மறந்துவிடுங்கள்.

மரம் பார்க்க நன்றாக இருக்கிறது: நேராக, ஓட்டை இல்லாமல், தோலோடு

எந்த மரம் என்று கேளுங்கள். நான் ஏமாந்தது இங்கேதான்.

எங்கள் பால்மரம் நான்கிலும் அழகானது. பத்தடிக்குக் கிளையே இல்லை, குச்சிகூட உதிரவில்லை. அண்ணன் வேண்டாம் என்றார். ‘தம்பி, கித்தா மரம் செத்தா அன்னிக்கே அறுக்கணும், இது செத்து ரெண்டு மாசம்’ என்றார். உலகம் முழுக்க ரப்பர் மரத்தில் நாற்காலி செய்கிறார்களே, மூவாரில் ஊரே அதில்தானே வாழ்கிறது என்று நான் வாதாடினேன். ஒரு சனிக்கிழமை அறுத்தோம். அறுத்தபோதே பாலாடை நிறத்துக்கு நடுவே கருநீலக் கோடுகள் ஓடின, திங்கட்கிழமை பார்த்தால் மைப் புட்டியைக் கவிழ்த்த மாதிரி. அதுகூடப் பரவாயில்லை, கறைதானே, பெயின்ட் அடித்தால் போச்சு என்று அடுக்கி வைத்தேன். அடுத்த மாதம் பலகைக்கு அடியில் குட்டிக்குரா பவுடர் கொட்டியது போல மாவு. ஒரு பலகையைத் தூக்கி முழங்காலில் வைத்து லேசாக அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உடைந்தது.

காரணம் இதுதான். பால்மரத்தில் சொல்லும்படியான வைரம் கிடையாது, மரம் முழுக்க மாவுச்சத்து. ஆலைகளில் வெட்டிய சூட்டோடு அறுத்து, போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள், நாற்காலி நிற்பது அதனால். 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது என்றால் உயிரோடு இருக்கும்வரை அது கெட்டிக்காரன்தான். செத்தால் ஒன்றுமில்லை. பட்டுப்போய் நிற்கும் பால்மரம் விறகு, அவ்வளவுதான்.

மற்றவை பற்றி என் கணக்கு இது. பலா: தயங்கவே வேண்டாம், வெளிமரம் போனாலும் மஞ்சள் வைரம் நிற்கும். மிருதங்கத்துக்கும் வீணைக்கும் தஞ்சாவூர்க்காரர்கள் சும்மா பலாவைத் தேடுவதில்லை. அங்சானா நம் வேங்கைக்குச் சொந்தக்காரன், செத்து இரண்டு மழைக்காலம் நின்றாலும் உள்ளே பொன்னும் சிவப்புமாக வைரம் கிடைக்கும். உண்மையிலேயே அங்சானாதானா என்று சந்தேகம் வந்தால் வைரத்துச் சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு வெயிலில் பாருங்கள், தண்ணீர் நீலமாக மினுங்கும், பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை. தெம்புசு கிடைத்தால் கும்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கனமும் ஆயுளும் அப்படி. தூங்குமூஞ்சியின் கறுப்பு வைரம் நல்லது, அதிகம் சுருங்காது, மேசைக்கடைகளில் சூவார் என்ற பெயரில் அகலப் பலகையாக விற்பது இதுதான். மாமரம் புதிதாக இருந்தால் மட்டும். டுரியான் மரம் லேசானது, வண்டுக்கு விருந்து, பெட்டி அடிக்கலாம். அக்காசியா மாங்கியம் வெளியே தூண் மாதிரி நிற்கும், நடு அழுகியிருப்பது அதற்குப் பிறவி வியாதி, துளைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

தோல் உரிந்து தொங்குகிறது, மரம் சாம்பல் பூத்து நிற்கிறது

பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் இது பெரும்பாலும் நல்ல செய்தி. ஒட்டிக்கொண்டிருக்கும் தோல் ஈரத்துணி சுற்றிய மாதிரி, மழைத்தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், அடியில் பூச்சியும் காளானும் குடும்பம் நடத்தும். தோல் சீக்கிரம் விழுந்த மரம் காற்றில் உலர்கிறது. எங்கள் பலா அப்படித்தான், தூரத்திலிருந்து பார்த்தால் எலும்பு மாதிரி வெள்ளையாக நின்றது, எல்லாரும் அதைத்தான் முதலில் கழித்துக் கட்டினார்கள்.

தோல் விழுந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரைக் குத்தி நெம்பி ஒரு சிராய் எடுங்கள். நீளமாக, நார் நாராக, சத்தத்தோடு கிழிந்து வந்தால் மரத்தில் உயிர்ச்சத்து இருக்கிறது. ரஸ்க் மாதிரி சத்தமில்லாமல் குட்டையாக முறிந்தால் அந்த இடம் அழுகல், அது எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு அங்குலம் போனதும் கெட்டி தட்டினால் கவலை இல்லை. ஸ்குரூ டிரைவர் கைப்பிடிவரை இறங்கினால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

தட்டினால் ‘தொம்’ என்கிறது

கோடாரியின் பின்பக்கத்தாலோ கனத்த சுத்தியலாலோ இடுப்பு உயரத்தில் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள், அப்புறம் முழங்கால் உயரத்தில். கெட்டி மரம் ‘டக்’ என்று கையை உதைக்கும். பொந்து ‘தொம்’ என்று வயிற்றுக்குள் பேசும். சந்தையில் பானை தட்டி வாங்கியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: தோல் மரத்தைவிட்டு விலகி நின்றாலும் அதே ‘தொம்’ வரும். அந்த இடத்துத் தோலைப் பாராங் கத்தியால் உரித்துவிட்டு நேரே மரத்தில் தட்டிய பிறகு முடிவு செய்யுங்கள்.

இன்னும் சந்தேகம் என்றால் டிரில். எட்டு அல்லது பத்து மில்லிமீட்டர் முனை, ஓர் அடிக்குக் குறையாத நீளம். தரையை ஒட்டித் துளையுங்கள், எப்படியும் அடிக்கட்டையில் போகிற பகுதி, பலகையில் ஓட்டை விழாது. மூன்று பக்கத்திலிருந்து போடுங்கள். கண் முனையில் இருக்கட்டும், ஆனால் கைதான் அதிகம் சொல்லும். வெளிமரத்தில் சுலபமாகப் போகும், பிறகு திடீரென்று இறுகி மெஷின் முனகும், வருகிற சீவலின் நிறம் மாறும். அங்கே நிறுத்தி எத்தனை அங்குலம் என்று முனையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பலாவில் மூன்றரை அங்குலம்வரை சாம்பல் நிறத் தூள், அப்புறம் மஞ்சள் சுருள் வந்தது பாருங்கள், அரைத்த மஞ்சள் மாதிரி, ஈரமாக, லேசாகப் பழ வாசனையோடு. பௌத்தத் துறவிகள் இந்தச் சீவலைக் கொதிக்க வைத்துத்தான் காவிச் சாயம் எடுத்தார்கள். அண்ணன் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெட்ரோல் ஊற்றப் போய்விட்டார்.

இறுகிய பிறகு மறுபடி முனை வெண்ணெயில் போவது போல் போனால் நடு அழுகல். அதற்காக உடனே கைவிட வேண்டியதில்லை. பொந்து பெரும்பாலும் அடியிலிருந்து மேலே ஏறும், ஐந்தடிக்கு மேல் முழுசாக இருக்கலாம். ஏணி வைக்காமல் நீண்ட மூங்கிலால் மேலே தட்டிப் பாருங்கள், பட்ட மரத்தில் ஏணி சாத்துவது புத்திசாலித்தனம் இல்லை.

அடியில் காளான் அடுக்கு

கைவிசிறி மாதிரி, மரம் போலவே கெட்டியான காளான் அடிமரத்தில் முளைத்திருந்தால் வேரும் அடியும் வெகுநாளாக அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காளான் வெளியே தெரிவது கடைசியில்தான். பால்மரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் அடுக்கடுக்காக வந்து, மண்ணைக் கிளறினால் வேரில் வெள்ளை நூல் படர்ந்திருந்தால் அது வெள்ளை வேர் நோய், பக்கத்து மரத்துக்கும் வேர்வழி போகும், பலகையை விடுங்கள், வேரைத் தோண்டி எடுப்பதுதான் அவசரம்.

காளான் ஆறடி உயரத்தில் ஒரு கிளைக் காயத்தில் மட்டும் இருந்தால் கதை வேறு. மேலேயும் கீழேயும் இரண்டடி கழித்துவிட்டு மீதியை டிரில் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. அறுத்த முகத்தில் பென்சிலால் வரைந்த மாதிரி கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போனால் அதுவும் காளான் வேலைதான், மாமரத்தில் அதிகம் வரும். அழகுக்காக இதற்கென்றே அலைகிறவர்கள் உண்டு. நகத்தால் அழுத்திப் பள்ளம் விழாத வரைக்கும் பயன்படுத்தலாம், விழுந்தால் படம் எடுத்துக்கொண்டு அடுப்பில் வையுங்கள்.

ஓட்டையும் தூளும்

எல்லா ஓட்டையும் ஒன்றில்லை, இதில்தான் பலர் நல்ல மரத்தைக் கழிக்கிறார்கள், கெட்ட மரத்தை வீட்டுக்குள் கொண்டு வருகிறார்கள்.

குண்டூசித் துளை, ஓரம் கறுத்திருக்கிறது, உள்ளே தூளே இல்லை: இந்த வண்டு ஈர மரத்தில்தான் பிழைக்கும், துளைக்குள் காளான் வளர்த்துத் தின்னும், மரம் காய்ந்ததும் போய்விடும். பலகை செய்யலாம், துளை மட்டும் இருக்கும்.

அதே அளவு துளை, கீழே முகப்பவுடர் மாதிரி மெல்லிய மாவு: இது காய்ந்த மரத்தின் வெளிமரத்தைத் தின்கிற வகை, வீட்டுக்குள் வந்த பிறகும் தின்றுகொண்டே இருக்கும், என் பால்மரப் பலகையை முடித்தது இதுதான். வெளிமரத்தை முழுக்கச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் எடுங்கள். அப்படி எடுக்க வைரமே இல்லாத மரம் என்றால் வேண்டாம்.

விரல் நுழையும் ஓவல் ஓட்டை, நார் நாரான சக்கை: பெரிய வண்டின் புழு. எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு மரத்தில் நாலைந்து என்றால் சமாளிக்கலாம்.

கசகசா மாதிரி சின்னச் சின்ன உருண்டை கொட்டிக் கிடந்தால் அது காய்ந்த மரத்துக் கறையான். அந்தக் கட்டையை வீட்டுப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

தோலின் மேல் மண்கோடு ஏறினால் நிலக்கறையான். கோட்டை உடைத்துப் பாருங்கள், உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கிறதா, எவ்வளவு மேலே போகிறது என்று. நம் நாட்டுக் கறையானில் உயிரோடு இருக்கும் மரத்தையே உள்ளே குடைகிற வகை உண்டு, வெளியே ஒரு கோடு மட்டும் தெரியும், நடுவில் மண் அடைத்திருக்கும். ‘தொம்’ சத்தமும் மண்கோடும் சேர்ந்தால் நான் டிரில்லைக்கூட எடுப்பதில்லை.

உச்சியிலிருந்து அடிவரை ஒரே கோடாகத் தோல் பிளந்திருக்கிறது

மின்னல். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. எங்கள் தூங்குமூஞ்சிக்கு இதுதான் நடந்தது, இடம் மாறிய மண்ணா மின்னலா எது கொன்றது என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்திருக்கும். வெளியே ஒரு கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது, மற்றபடி பாறை மாதிரி நின்றது, தட்டினால் ‘டக்’, துளைத்தால் கறுப்புச் சீவல். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அண்ணன் ‘இதுல கை வைக்காத’ என்று போய்விட்டார்.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அதை வெட்டித் துண்டு போட்டபோது போய்ப் பார்த்தேன். குறுக்கு முகத்தில் வெங்காயத்தை அறுத்த மாதிரி வளையம் வளையமாக விலகியிருந்தது, ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கத்தி நுழையும். பலகையாக அறுத்திருந்தால் கையில் சிம்பு சிம்பாகத்தான் வந்திருக்கும். அழுகலைக் கண்டுபிடிக்கும் சோதனை எதுவும் இந்த வளைய வெடிப்பைக் காட்டாது. மின்னல் பட்ட மரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், விழுத்திய பிறகு இரண்டு முனையிலும் தோசைக்கல் தடிமனில் ஒரு வட்டு அறுத்துப் போட்டு மிதித்துப் பாருங்கள், அதன் பிறகு லோரிக்குச் சொல்லுங்கள்.

வெடிப்பு மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது

தோல் போன மரத்தில் காய்ந்த வெடிப்புகள் இருக்கும், அது இயல்பு. அவை நேராக ஏறினால் மரம் நேர் நார். திருகாணி மாதிரி சுற்றி ஏறினால் நாரே முறுக்கியிருக்கிறது, எவ்வளவு கவனமாக அறுத்தாலும் பலகை காய்ந்ததும் விமான விசிறி மாதிரி திருகும். ஓர் அடி உயரத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் போனால் நீளப் பலகை ஆசையை விடுங்கள். இரண்டடித் துண்டுகளாக வெட்டி மணைப்பலகை, முக்காலி என்று போகலாம்.

நீலக்கறை, ஆணி, மற்ற இரும்புச் சாமான்

லயத்து மரத்தில் இரும்பு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். துணிக்கொடி கட்டிய ஆணி, தொட்டில் கொக்கி, நம்பர் தகடு, பால்மரத்தில் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) தாங்கிய கம்பி, காய்க்காத பலாவுக்கு ரோஷம் வரட்டும் என்று அடித்த ஆறு அங்குல ஆணி. மரம் வளர்ந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எங்கள் பாட்டி அடித்த ஆணி நான்கு அங்குல ஆழத்தில் இருந்தது, செயின் ஒன்று அதில் போனது, அண்ணன் அரை நாள் பேசவில்லை.

தரையிலிருந்து எட்டடிவரை மெட்டல் டிடெக்டர் வைத்துப் பாருங்கள், இரவல் கிடைத்தாலும் போதும். அறுத்த முகத்தில் ஓரிடத்தில் மட்டும் கருநீலம் தீற்றியிருந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது, மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து அந்த நிறம் வருகிறது. அங்கே நிறுத்தி உளியால் தோண்டுங்கள்.

அங்சானாவில் மணிக்கும் துணிக்கும் அடித்த ஆணியே முப்பதுக்கு மேல். அதுவும் சாமி மரம். கோயில்காரர்கள் பூசை போட்டு ஆபத்தான கிளைகளை மட்டும் இறக்கினார்கள், அடிமரம் மஞ்சள் துணியோடு இன்னும் நிற்கிறது. உள்ளே நல்ல வைரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், இருக்கட்டும்.

எல்லாம் சரி, கணக்கு இடிக்கிறது

ஆறடிச் சுற்றளவு மரம் என்றால் பெரிது மாதிரி தெரியும். விட்டம் 23 அங்குலம்தான். சுற்றிலும் நான்கு அங்குலம் வெளிமரம் போனதென்றால் வைரம் 15 அங்குலம். எட்டடிக் கட்டையில் மொத்தம் 23 கன அடி, அதில் வைரம் பத்துக்கும் கொஞ்சம் குறைவு. வட்டத்துக்குள் சதுரம் எடுத்தால் பத்தரை அங்குலம். செயின்சா ஒவ்வொரு அறுப்பிலும் அரை விரல் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கும், ஓர் அங்குலப் பலகை ஏழு கிடைக்கும், ஏறக்குறைய நான்கு கன அடி. பட்டை வாள் ஆலைக்குக் கொண்டு போனால் ஒன்பது கிடைக்கலாம், ஆனால் லோரிக் கூலி தனி. மர வியாபாரத்தில் ஒரு டன் என்றால் 50 கன அடி, அதை வைத்து நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மெராந்தி மாதிரிச் சாதாரணப் பலகைதான் தேவை என்றால் கடையில் வாங்குவது மலிவு. எங்கள் பலாவை அறுத்தது பாட்டி நட்டது என்பதால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மரம் யாருடையது என்பதும் கணக்கில் சேர்த்திதான். லயம் போனாலும் நிலம் கம்பெனியுடையது, மானேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. அரசு நிலத்து மரம் என்றால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. சொந்த நிலத்து மரமானாலும் கட்டையை லோரியில் ஏற்றுமுன் காட்டு இலாகாவில் பாஸ் பற்றிக் கேட்டுவிடுங்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும், பட்ட மரத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் அது பட்ட மரம்தான் என்று காட்ட வெட்டுவதற்கு முன்பே நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

விழுத்தலாம் என்று முடிவாகிவிட்டது

நீங்கள் விழுத்தாதீர்கள். பச்சை மரத்தில் வெட்டுக்கு நடுவே அறுக்காமல் விடும் மரக்கீற்று கீல் மாதிரி வளைந்து மரத்தைச் சொன்ன பக்கம் சாய்க்கும், பட்ட மரத்தில் அது வளையாமல் படக்கென்று முறியும். ஆப்பு அடிக்கும் அதிர்வில் மேலிருந்து காய்ந்த கிளை தலையில் வரும், சத்தமே இருக்காது. பொந்து இருந்தால் குளவி, பாம்பு. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தைக் கூப்பிடாமல் தொடாதீர்கள். பட்ட மரம் விழுத்திப் பழகிய ஆளைக் கூப்பிட்டு, மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நின்று தேநீர் குடியுங்கள்.

பலகை வந்தாயிற்று, மூன்றாம் நாள் முனை வெடிக்கிறது

நின்றபடியே காய்ந்த மரம், உடனே மேசை செய்யலாம் என்று நினைத்திருப்பீர்கள். தவறு. வைரத்துக்குள் இன்னும் ஈரம் இருக்கும், அறுத்ததும் முனைகள் வழியாக வேகமாக வெளியேறும், வெடிக்கும். அறுத்த அன்றே இரண்டு முனையிலும் மிச்சம் மீதிப் பெயின்ட்டைத் தடிமனாகப் பூசுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சிமெண்ட் கல் வைத்து, பலகைக்குப் பலகை நடுவே ஓர் அங்குலச் சட்டம், ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில். மேலே தகரம், பக்கம் திறந்திருக்கட்டும், பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக்கட்டினால் உள்ளே பூஞ்சணம் வெள்ளையாகப் பூக்கும்.

ஒரு பலகையில் தேதியும் எடையும் எழுதி, மாதம் ஒரு முறை தராசில் வையுங்கள். எடை இரண்டு மாதம் குறையாமல் நின்றால் நம் காற்றில் அது காயக்கூடிய அளவு காய்ந்துவிட்டது, ஈரம் 15 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஐந்தடியில் (முன்தாழ்வாரத்தில்) வைக்கும் பெஞ்சுக்கும் ஊஞ்சலுக்கும் அது போதும். ஏர்கான் அறைக்குப் போகும் சாமான் என்றால் அதே அறையில் சட்டம் வைத்து அடுக்கி இன்னும் சில வாரம் விட்டுவிட்டு அப்புறம் இழைப்புளியை எடுங்கள். எங்கள் பலாப் பலகை அறுத்த அன்று எலுமிச்சை மஞ்சள், இப்போது தேன் நிறம் தாண்டிப் பழுப்பாகிக்கொண்டிருக்கிறது. ஆணி இருந்த பலகையில் ஒரு நீலத்தீற்றல் மட்டும் போகவில்லை, அதை இழைக்காமல் விட்டிருக்கிறேன்.